தூர நின்று பழுது பார்த்தல்

1

இந்த நாட்டில் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் மாநகரசபைக்காரர் மட்டும்தான். வரி, குப்பைத்தொட்டி, வேலியோர மரம் என்று ஏதாவது ஒரு சாட்டில் மாதத்துக்கு ஒருதடவை எழுதிவிடுவார்கள். இந்தத் தடவை வந்த கடிதம் காரைப் பற்றியது. என் வீட்டு வாசலில், வீதியோரமாக, பதிவு காலாவதியான வாகனம் ஒன்று நிற்கிறதாம். இருபத்தெட்டு நாட்களுக்குள் நான் அதை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே இழுத்துக்கொண்டுபோய் நசுக்கிவிடுவார்கள். கடைசியில் மிகுந்த அன்போடு ஒருவர் கையெழுத்து வைத்திருந்தார்.

கார் என்னுடையதல்ல, மகன் கபிலனுடையது. அவனைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஜப்பான் கார். இரண்டு கதவு, மங்கிப்போன சிவப்பு, சுவிச்சைத் தட்டினால் கண் விழிப்பதுபோல மேலே எழும்புகிற முன்விளக்குகள். இருபத்திரண்டு வயதில் அவன் அதை வாங்கிக்கொண்டு வந்தபோது என் மனைவி வசந்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை ரெண்டு பேர்தான் வசதியா இருக்கலாம். அப்ப எங்களை ஏத்துற எண்ணம் இல்லை" என்றாள். வசந்தி விளையாட்டுக்குச் சொல்வதும் பெரும்பாலும் நடந்துவிடும். ஒரு வருடம் சனிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்தான். பிறகு அது சூடேறினால் நின்றுவிடத் தொடங்கியது. இரண்டு கராஜில் காட்டினான். இந்த எஞ்சின் தெரிந்த ஆட்கள் இப்போது இல்லை என்று இரண்டிலும் கையை விரித்தார்கள். பிறகு இந்த நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான். இருபத்தொரு நாள், அதாவது மூன்று கிழமை வேலை, ஒரு கிழமை வீடு என்று சொல்லித்தான் போனான். அந்த ஒரு கிழமைக்கு முதலில் வந்தான். இப்போது வருவதில்லை.

கடிதத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "அப்பா, அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பசித்தால் மட்டும் தமிழ் பேசுகிற பிள்ளை அவன். சுரங்கத்தில் சாப்பாடு நன்றாகப் போடுகிறார்கள் போலிருக்கிறது.

2

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கொடுப்பதற்கு முன்னால் ஒருதடவை பார்ப்போம் என்று பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் திறப்பைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. மாதக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்த எஞ்சின். இருபது நிமிடம் அருமையாக ஓடிவிட்டு, சூடு ஏறியதும் இருமி, தடுமாறி, நின்றுபோனது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடி பற்றிக்கொள்கிறது. ஆறினால் ஓடுகிற எஞ்சினை இரும்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் எஞ்சின்காரன். இதைச் சொன்னால் இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். வந்த புதிதில் வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி நல்ல முகத்தோடுதான் கேட்டா: "எங்கே வேலை செய்தீர்கள்?" புதுக்குடியிருப்பில், அண்ணையின் கராஜில் என்றேன். "அந்தக் கராஜின் பதிவு இலக்கம்?" நாலு பனங்குற்றியும் மேலே கிடுகும், முன்னால் ஒரு வேப்பமரமும்தான் கராஜ். அதற்கு ஆர் பதிவு இலக்கம் கொடுத்தது? "உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்த யாராவது இருக்கிறார்களா?" இருக்கிறார், என் அண்ணை என்றேன். சிரித்துவிட்டு, ஆவணம் எதுவுமில்லை என்று எழுதினா. அன்றிலிருந்து ரொட்டி வெதுப்புகிற ஒரு பாண் தொழிற்சாலையில் நிற்கிறேன். ஓடும் பட்டியில் பாண் வரும், கருகியதை எடுத்து எறிய வேண்டும். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பாணை எறிந்திருக்கிறேன். சோறு தின்கிறவனுக்கு அதில் பெரிய கவலை ஒன்றும் இல்லை.

வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் போனேன், தவணை கேட்க. கார் ஏன் ஓடவில்லை என்று கருமபீடத்தில் கேட்டார்கள். ஊர்க் கராஜில் பிளக்குக்குத் தீப்பொறி வராவிட்டால் "கரண்ட் இல்லை" என்போம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மின்சாரக் கார்களுக்கு ஐந்தாம் இலக்கக் கருமபீடம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு மணித்தியாலம் நின்று, பிழை விளங்கி, திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றேன். ஆனாலும் பதிவு அலுவலகமும் மாநகரசபையும் மாறி மாறிக் கடிதம் எழுதி மூன்று மாதத் தவணை தந்தார்கள். அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

3

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இது ரோட்டரி எஞ்சின், இதில் பிஸ்டன் இல்லை. முட்டை வடிவமான இரண்டு அறைகளுக்குள் முக்கோணக் கட்டை ஒவ்வொன்று சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பிளக். முதலாவது முந்தி அடிக்கும், இரண்டாவது ஒரு கண நேரம் பிந்தி அடிக்கும். நாலு பிளக்குக்கும் முறை பிசகாமல் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற ஆள் டிஸ்ரிபியூட்டர். அதன் முறை கெட்டால் எஞ்சினில் எல்லாம் சரியாயிருந்தும் கார் ஓடாது. பழுது அதில்தான் என்று இரண்டாம் நாளே எனக்குப் பட்டது. அதற்குள் எது என்றுதான் தெரியவில்லை.

"கொண்ணரைக் கேளுங்கோவன்" என்றாள் வசந்தி, வெங்காயம் வெட்டிக்கொண்டே, ஏதோ லேசான காரியம்போல.

அண்ணை இப்போதும் புதுக்குடியிருப்பில்தான் இருக்கிறார். நீர்ப்பம்பி, கைபிடி உழவு மெசின், ஓட்டோ என்று வருவதையெல்லாம் திருத்துகிறார். அவருக்கு மிஞ்சியிருப்பது மகள் தர்சினி மட்டும். உயர்தரம் எழுதிவிட்டு ரியூசன் வகுப்பில் சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பின்னேரம், அங்கே முற்பகல், அவளுடைய கைத்தொலைபேசிக்கு எடுப்பேன். என்னோடு நன்றாகக் கதைப்பாள். கடைசியில், "இந்தாங்கோ அப்பா, சித்தப்பா" என்று கொடுப்பாள்.

"ஓம்" என்பார் அண்ணை.

"எப்பிடி அண்ணை, சுகமே?"

"ஓம், சுகம். இந்தா, பிள்ளையோட கதை."

பதினாறு வருடமாக என் அண்ணை என்னோடு கதைத்தது இவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டும் போனதில்லை. வாங்குவார், மூன்று சொல் சொல்வார், திருப்பிக் கொடுப்பார். காரணம் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். அந்த மூன்று சொல்லை நாலாக்க நான் செய்யாத முயற்சி இல்லை. பண்டிகைக்கு எடுத்திருக்கிறேன், காய்ச்சல் என்று கேள்விப்பட்டு எடுத்திருக்கிறேன், வசந்தியின் தாய் போனபோது அழுதுகொண்டு எடுத்திருக்கிறேன். ஓம், சுகம், பிள்ளையோட கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் "ஓம்" என்றதும், சுகம் கேளாமல் நேரே சொன்னேன்: "அண்ணை, ஒரு பழைய காரிலை டிஸ்ரிபியூட்டர் பிரச்சினை. சூடானா நிக்குது."

தொலைபேசியில் ஏதோ உரசியது. தர்சினி தொலைபேசியை வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"என்ன எஞ்சின்?" என்றார்.

4

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் வராது, பற்றரி வராது, உதிரிப்பாகம் வராது. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் குழாயால் காபரேட்டருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிற வாகனம் தெரியாது, புகைதான் தெரியும். டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவில் ஒரு சின்னக் கரித்துண்டு இருக்கும். அது தேய்ந்தால் தீப்பொறி போகாது. புதிதுக்கு எங்கே போவது? செத்துப்போன ரோச் லைற் பற்றரியை உடைத்து, நடுவிலிருக்கும் கரிக்குச்சியை எடுத்து, சீமெந்துத் தரையில் உரஞ்சி உரஞ்சி அந்த அளவுக்குக் கொண்டுவருவோம். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். அண்ணையின் கெட்டித்தனம் வேறு. அது அவருடைய காதில் இருந்தது.

முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற மரியதாஸ் என்பவரின் வான், சந்தி திரும்பும்போதே, அண்ணை கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவியை வைக்காமல் சொல்லுவார்: "மூடிக்குள்ளை ஈரம். துடைச்சு விடு." வான் வந்து நிற்கும். நான் மூடியைக் கழற்றுவேன். உள்ளே ஈரம் மினுங்கும். மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு, "உமக்கு இஞ்சையென்ன வேலை, கோயில் கட்டிக் குடுக்கிறன், வந்து இரும்" என்பார். அண்ணைக்கு அதில் பெருமைதான். ஒரு பந்தயம்போல, வாகனம் நிற்க முதலே பழுதைச் சொல்லிவிடவேண்டும் அவருக்கு. சொன்னது பிழைத்து நான் பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் கேட்கிறேன் என்ற தைரியத்தில், தொலைபேசியை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன். இருமல், தடுமாற்றம், நின்றுபோவது எல்லாம் கேட்கவிட்டேன். "என்ன அண்ணை, எது?" என்றேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் உந்த எஞ்சினைக் கண்ணாலை கண்டதில்லை."

"சத்தத்தை வைச்சு..."

"சத்தத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. மூடியைக் கழட்டு. உள்ளுக்கை வெடிப்பிருக்கோ பார். பாத்திட்டு, கண்டதை மட்டும் சொல்லு. நினைக்கிறதைச் சொல்லாதை."

மூடியைக் கழற்றினேன். வெடிப்பில்லை. கரித்துண்டு நல்லாயிருக்கிறது. சொன்னேன்.

"சரி. வாற கிழமை வயருகளைப் பார்" என்று தொலைபேசியைத் தர்சினியிடம் கொடுத்தார்.

வசந்தி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதேன். அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கார் செத்துவிட்டதா என்று அனுதாபமாக விசாரித்தார்.

5

இப்படியே கிழமைக்கு ஒன்றாகப் போனது. வயர்களைப் பார்த்தோம். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, எஞ்சின் உடலில் முட்டவைத்து, எஞ்சினைச் சுழற்றி, தீப்பொறி நீலமா மஞ்சளா என்று பார்த்தோம். ஆறியிருக்கும்போது நாலிலும் நீலம். சூடானபோது முந்தி அடிக்கும் பிளக் இரண்டிலும் தீப்பொறி விட்டு விட்டு வந்தது, பிந்தி அடிப்பவை நன்றாயிருந்தன. இதைச் சொன்னபோது அண்ணை தர்சினியிடம் ஒரு கொப்பி வாங்கி எழுதுகிற சத்தம் கேட்டது. அவருக்கு எஞ்சின் பிடித்துவிட்டது. பிஸ்டன் இல்லாமல் எப்படி அமுக்கம் வருகிறது என்று கேட்டார். படம் கீறி அனுப்பினேன். "விசர் எஞ்சின். ஆனா வடிவு" என்றார். அதை நான் அந்தக் கிழமை முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டு பாண் பட்டிக்கு முன்னால் நின்றேன். கருகிய பாண் சில போய்விட்டதாக மேற்பார்வையாளர் முறைப்பாடு செய்தார்.

ஒன்றுமட்டும் மாறவில்லை. எது பழுது என்று அவர் வாயால் வரவேயில்லை. நான் என்னத்தைக் கேட்டாலும், பார், பார்த்ததைச் சொல்லு, அவ்வளவுதான். தர்சினியிடம் ஒருநாள் கேட்டேன். "சித்தப்பா, அப்பா ஒருத்தருக்கும் ஒண்டும் முடிவா சொல்லமாட்டார். பம்பி கொண்டுவாற ஆக்களுக்கும் கழட்டிப் பாக்காமல் சொல்லமாட்டார். உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுக்கிறதெண்டு நான் கேட்டனான். 'நான் சொல்லி நீ எடுக்கக்கூடாது, உனக்குத்தான் தெரியும்' எண்டிட்டு எழும்பிப் போயிட்டார்" என்றாள்.

அவளுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்கிறேன் என்றேனே, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டையின் கடைசி மாதங்கள். சனம் வீடு வீடாக, ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அண்ணை எப்படியோ ஒரு தொலைபேசி பிடித்து எனக்கு எடுத்தார். பின்னால் இடிச்சத்தம். இரண்டு நிமிடம்தான் தருவார்கள் என்றார்.

"தம்பி, சனம் ஆமிப் பக்கம் கடந்து போகத் தொடங்கியிட்டுது. நாளைக்கு விடிய ஒரு கூட்டம் போகுது. கொண்ணி போவம் எண்டுறா. போகவோ, நிக்கவோ? அங்கை என்ன கதைக்கினம்?"

அன்று காலையில்தான் நான் இங்கே ஒரு மண்டபத்தில் எங்கள் ஆட்கள் வைத்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். இன்னும் இரண்டு கிழமை, உலகம் பார்த்துக்கொண்டிருக்காது, சண்டையை நிறுத்துவார்கள். கை தட்டினோம். தேநீர் குடித்தோம். காரில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

"நில்லுங்கோ அண்ணை" என்றேன். "இன்னும் ரெண்டு கிழமைதான். எல்லா நாடும் சேர்ந்து நிப்பாட்டப் போகுது. இப்ப கடக்கிறதுதான் ஆபத்து."

"உறுதியோ?"

"உறுதி."

அவர் நின்றார். பதினோராம் நாள் எறிகணைச் செல் விழுந்து அண்ணியும் மூத்தவன் சீலனும் போனார்கள். சீலனுக்குப் பதினைந்து வயது. தர்சினிக்கு மூன்று, அண்ணையின் மடியில் இருந்தாளாம். எனக்கு இந்தச் செய்தி மாதங்கள் கழித்து, அவர்கள் வவுனியா முகாமுக்கு வந்த பிறகுதான், அங்கே இருந்த ஊர்க்காரர் மூலம் கிடைத்தது. முதல் அழைப்பிலேயே அவர் சொன்னது அந்த மூன்று சொல்தான். ஓம். சுகம். இந்தா.

பேசினால், "அண்ணை, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது" என்று சொல்லலாம். பேசினால்தானே. பதினாறு வருடமாக அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காத்திருக்கிறேன்.

6

டிஸ்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இரண்டு சின்னக் கறுப்புப் பெட்டிகள் பூட்டியிருக்கும். இக்னைட்டர் என்கிறார்கள். ஒன்று முந்தி அடிக்கும் பிளக்குகளுக்கு எப்போது தீப்பொறி என்று உத்தரவு கொடுக்கும், மற்றது பிந்தி அடிப்பவைக்கு. இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். "ரெண்டும் ஒண்டெண்டால் இடத்தை மாத்திப் பூட்டிப் பார். பழுது பெட்டியோட கூடப் போகுதோ, பழைய இடத்திலையே நிக்குதோ எண்டு பார்" என்றார் அண்ணை ஆறாம் கிழமை.

அடுத்த நாளே மாற்றிப் பூட்டினேன். இருபது நிமிடம் ஓடவிட்டேன். கார் நிற்கவில்லை. பதிவில்லாத காரை விடியமுன் வீதியில் எடுத்துப் பார்த்தேன். சூடானதும் இழுவை குறைந்தது, பின்குழாயில் படார் படார் என்று வெடித்தது, ஆனால் நிற்கவில்லை. பழுது முந்தியதிலிருந்து பிந்தியதுக்கு இடம் மாறிவிட்டது. ஆகவே பெட்டிதான் பழுது. கழற்றிப் பார்த்தேன். அதன் முதுகில் சூட்டைக் கடத்துவதற்குப் பூசும் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. புதிய பெட்டி ஒன்று தேடி எடுத்து, பசை பூசி, முறைப்படி பூட்டினேன். ஒரு மணித்தியாலம் ஓடினேன், பெருந்தெருவிலும் போனேன். பின்குழாய் வெடிக்கவில்லை, இழுவை குறையவில்லை. கபிலன் வாங்கின நாளில்கூட அது அப்படி ஓடியிருக்காது.

நான் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் அப்படியே உள்ளே இருந்தேன். கார் ஓடினால் ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது? ஓம், சுகம், பிள்ளையோட கதை.

சொல்லவில்லை.

"மாத்திப் பூட்டினன் அண்ணை, பழுது அங்கையேதான் நிக்குது" என்றேன். எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். அவர் யோசித்தார். அப்படியென்றால் டிஸ்ரிபியூட்டருக்குள்ளே அந்தப் பெட்டிக்குச் சைகை அனுப்புகிற சுருள் என்றார், இடைவெளியை அளக்கச் சொன்னார். அளந்தேன் என்றேன். அடுத்த கிழமை தீப்பொறிக்கு மின்சாரத்தை உயர்த்துகிற கொயிலைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன் என்றேன். அவர் முன்னைவிடக் கூடக் கதைத்தார். முடிச்சு அவிழவில்லை என்று அவருக்கு அந்தரம். நடுக்கிழமையிலும் தர்சினியைக் கொண்டு செய்தி அனுப்பினார்: பூமிக்கம்பி இறுக்கமோ பார் என்று. ஒருதடவை, கதையோடு கதையாக, "நீ உரஞ்சின கரித்துண்டு போட்ட வான் அஞ்சு வருசம் ஓடினது தெரியுமோ?" என்றார். பழசைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல்தடவை.

"உதென்ன ஆக்கினை?" என்று வசந்தி ஏசினாள். "ஓடுற காரை வைச்சுக்கொண்டு மனுசனை ஏமாத்துறியள். தெரிஞ்சா என்ன செய்வார்?"

"தெரியாது. அவர் எங்கையோ, நான் எங்கையோ" என்றேன்.

மண்டபத்திலிருந்து வந்து "உறுதி" என்று சொன்னபோதும் அவர் எங்கேயோ, நான் எங்கேயோதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

7

ஒன்பதாம் கிழமை, அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது. வீடியோ அனுப்பச் சொன்னார். எஞ்சின் மூடியைத் திறந்து, சூடாக்கி, தடுமாறுகிற நேரத்தில் எடுத்து அனுப்பு என்றார்.

ஓடுகிற காரில் தடுமாற்றத்துக்கு எங்கே போவது? முன்பக்க அறையில் முந்தி அடிக்கும் பிளக்கின் வயரைக் கழற்றி, வீடியோவில் தெரியாதபடி ஒரு துணியால் மறைத்தேன். எஞ்சின் குலுங்கியது, தட்டியது. மூன்று நிமிடம் எடுத்து அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். தர்சினி ஒன்றும் கதைக்காமல் நேரே அண்ணையிடம் கொடுத்தாள்.

"தம்பி" என்றார். பதினாறு வருடத்துக்குப் பிறகு தம்பி என்றார். "நாலுதரம் கேட்டன். பிள்ளையின்ரை காதுக்குழாயைப் போட்டும் கேட்டன்."

"ஓம் அண்ணை."

"பழுதெண்டால் அது நினைச்ச நேரம் விடும், நினைச்ச நேரம் பிடிக்கும். இது எண்ணி எண்ணி விடுகுது. ஒண்டு விட்டு ஒண்டு, ஒரே கணக்கிலை. பழுது எண்ணாது. மனுசன்தான் எண்ணுவான். ஒரு வயரைக் கழட்டி விட்டிருக்கிறாய்."

கண்ணால் காணாத எஞ்சின், கடலுக்கு அப்பால், ஒரு சின்னத் தொலைபேசிக்குள்ளால். சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது என்ற மனிதரின் காது அப்படியேதான் இருந்தது.

"எவ்வளவு நாளா ஓடுது?"

"மூண்டு கிழமை."

"பெட்டியோ?"

"ஓம். மாத்திப் பூட்டேக்கையே தெரிஞ்சிட்டுது."

"அப்ப ஏன்?"

"உங்களோட கதைக்க அண்ணை. வேறை என்னத்துக்கு" என்றேன். பதினாறு வருடம் வைத்திருந்த வசனத்தை அதற்குள்ளேயே சொல்லிவிடலாம் என்று அவசரப்பட்டேன். "அண்ணை, அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. கூட்டத்திலை சொன்னதைத்தான்..."

"தெரியும்" என்றார். கோபமில்லை. களைத்த குரல். "உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அதுதான்ரா. எனக்கு எல்லாச் சத்தமும் கேட்டது. எங்கயிருந்து அடிக்கிறாங்கள், எவ்வளவு கிட்ட வந்திட்டுது, எல்லாம் இந்தக் காதுக்குத் தெரிஞ்சது. போகவேணும் எண்டும் தெரியும். சாமான் கட்டி வைச்சிட்டுத்தான் உனக்கு எடுத்தனான். என்ரை காதை விட்டிட்டு உன்ரை வாயை நம்பினன்."

நான் "அண்ணை" என்றேன்.

"கொண்ணி கட்டின சாமானை அவிழ்க்கேக்கை ஒண்டும் சொல்லேல்லை. சட்டியை எடுத்து அடுப்பிலை வைச்சா." அங்கே கதிரை ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. "இப்பவும் மூண்டு கிழமை உன்னை நம்பி, இரவிரவா யோசிச்சன். பூமிக்கம்பி, கொயில் எண்டு. நீ ஓடுற காரை வைச்சுக்கொண்டு."

அது உண்மை.

"கார் ஓடுதெல்லோ?"

"ஓம்."

"அப்ப வயரைக் கொழுவு" என்றார். தொலைபேசி கைமாறுகிற சத்தம் கேட்டது. தர்சினி, "சித்தப்பா, என்ன நடந்தது? அப்பா எழும்பிப் போறார்" என்றாள்.

8

கார் சோதனையில் தேறியது. சோதித்த பொடியன் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, யார் திருத்தியது, நல்ல கை என்றான். என் அண்ணையின் கராஜ் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டான், தன்னுடைய நண்பனுக்கும் இப்படி ஒரு கார் இருக்கிறதாம். தூரம் என்றேன். கபிலனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பெருவிரல் தூக்கிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

இதை ஊரில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்களிடம் வழி கேட்காதீர்கள். நாங்கள் கெட்டவர்களல்லர், உங்களில் அன்பில்லாதவர்களும் அல்லர். ஆனால் தேநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்கு வருகிறவன் உங்களுக்கு உறுதி சொல்லக்கூடாது. இதைச் சொல்ல எனக்குப் பதினாறு வருடமும் ஒரு காரும் தேவைப்பட்டது. சொல்லி இனி ஆருக்கு என்ன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழமையான நேரத்துக்கு எடுத்தேன். ரியூசன் பிள்ளைகளின் குறும்புகளைத் தர்சினி சொன்னாள். கண்டாவளையில் யாரோ சிநேகிதியின் கலியாணம் என்றாள். அண்ணையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அப்பா வெளியிலை போயிட்டார் சித்தப்பா" என்றாள்.

அவளுக்குப் பின்னால், குசினிப் பக்கமாக, ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒரே அறையில் படுத்து வளர்ந்தவனுக்கு அந்தச் செருமல் தெரியாதா. தர்சினி பொய் சொல்லப் பழகாத பிள்ளை, அவளுடைய குரல் தடுமாறியது. மூன்று சொல்லும் போய்விட்டது. நான் ஒன்றும் கேட்காததுபோல இருந்தேன்.

"வந்தாச் சொல்லு பிள்ளை, நான் எடுத்தனான் எண்டு."

"ஓம் சித்தப்பா. கேட்டால் என்ன விசயம் எண்டு சொல்ல?"

யோசித்தேன். அவரிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு பழுதும் மிச்சமில்லை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன். "சும்மா எடுத்தனான்."